கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: மண் தொட்டியா, குரோ பேக்கா, பெயிண்ட் வாளியா?

பருவக் கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்தப் பெயரை வைத்தவர் மே மாதம் பகல் இரண்டு மணிக்கு நங்கநல்லூர் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால், வேறு பெயர் யோசித்திருப்பார். எனக்கு இது மாடித்தோட்டத்தின் பரீட்சைக் காலம். தை மாதத்தில் உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் விதை போட்டால்கூடச் செடி வரும். எந்தத் தொட்டி உருப்படியானது என்பது மே 4-க்கும் 28-க்கும் நடுவில், அக்னி நட்சத்திரத்தில்தான் தெரியும்.

எங்கள் மாடியில் எல்லா வகையும் கலந்து கிடக்கிறது. ஊரிலிருந்து அம்மா லாரியில் ஏற்றி அனுப்பிய மண் தொட்டிகள், நான் ஆசைப்பட்டு மொத்தமாக வாங்கிய குரோ பேக்குகள் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பைகள்), காயலான் கடையில் பேரம் பேசி வாங்கிய 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள். இந்தச் சித்திரை முதல் வாரத்தில் மூன்றிலும் வெண்டை விதைத்தேன். ஒரே விதைப் பாக்கெட், ஒரே மண்கலவை, காலை ஆறு மணிக்கு ஒரே அளவு தண்ணீர். மூன்றே வாரத்தில் மூன்றும் மூன்று விதமாக நின்றன.

மண் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன். அம்மாவின் கட்சி இது. "பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்கு? அதேதாண்டா செடிக்கும்" என்பாள். தப்பே இல்லை. சுட்ட மண்ணின் நுண்துளை வழியே ஈரம் கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நடுப்பகலில் தொட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கும் வரை குளிர்ச்சியாகவே இருக்கும். பெரும்பாலான செடிகளுக்கு மண்ணின் சூடு 40 டிகிரியை நெருங்கினால் வேர் வளர்வது நின்றுவிடும். அந்த எல்லைக்குப் போகாமல் காப்பதில் மண் தொட்டியை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் பானையில் தண்ணீர் குறையக் குறைய நாம் ஊற்றிக்கொண்டே இருக்கிறோமே, அதை அம்மா சொல்வதில்லை. செடி குடிப்பது போதாதென்று தொட்டியும் குடிக்கிறது. காலையில் ஊற்றியது மதியத்துக்குள் தீர்ந்து, மூன்று வெண்டைகளில் முதலில் தலை தொங்கியது மண் தொட்டிச் செடிதான். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கி, தொட்டியின் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகிறது. உள்ளேயும் அதே உப்பு சேரும் என்பதால் மாதம் ஒருமுறை அடியில் ஒழுகி ஓடும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறேன். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இந்த வேலைக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மண் தொட்டியைக் காய்கறியிலிருந்து விலக்கிக் குண்டுமல்லிக்குக் கொடுத்துவிட்டேன். மல்லிக்கு வெயில் வேண்டும், வேர்ப்பகுதி மட்டும் வெந்துவிடக் கூடாது. இரண்டு தண்ணீருக்கு நடுவில் மேல்மண் கொஞ்சம் காய்ந்தாலும் கோபித்துக்கொள்ளாது. கார்த்திகை வாக்கில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட செடி பங்குனியிலிருந்து மொட்டு விடுகிறது. கத்திரி வெயிலில் மற்றதெல்லாம் சுருண்டு கிடக்க, மாலை ஆறு மணிக்கு இது மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். வீட்டில் எனக்குக் கொஞ்சமாவது பெயர் இருக்கிறதென்றால் அந்த ஒரு கை மொட்டால்தான்.

அடுத்து குரோ பேக். வாடகை வீட்டுக்காரர்களின் செல்லப்பிள்ளை. இதன் எடை குறைவு என்பதைச் சாதாரண வசதியாக எண்ணிவிடாதீர்கள். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். அதைச் செம்மண்ணால் நிரப்பித் தண்ணீரும் விட்டால் ஓர் ஆள் தூக்க முடியாது. கோகோபீட் என்கிற தென்னை நார்க்கழிவைக் கலந்தால் முடியும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தந்த மாடித்தோட்டத் தளையிலும் (கிட்) பைகளோடு இந்த நார்க்கழிவுக் கட்டிதான் வந்தது.

ஆனால் கத்திரியில் குரோ பேக் இரண்டு விதமாகக் காலை வாருகிறது. ஒன்று, நிறம். கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தில் மாலை நான்கு மணிக்கு விரலை விட்டுப் பார்த்தால் மண் டீத்தண்ணி போலச் சுடும். அந்தப் பக்கத்து வேர் கருகி, செடி ஒருபக்கமாகச் சாய்ந்து வாடும். நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்று வரும் பைகள் எவ்வளவோ மேல். இரண்டு, கோகோபீட்டின் குணம். ஈரமாக இருக்கும் வரை தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் மறந்து முழுக்கக் காயவிட்டால் கட்டியாகச் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகிவிடும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி அடித்துளையில் ஓடிவிடும். மாடியெல்லாம் ஈரம், நடுவேர் மட்டும் வறண்டு கிடக்கும். கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தபோது எனக்கு நடந்தது இதுதான். கால் பங்கு செம்மண்ணும் கால் பங்கு மண்புழு உரமும் கலந்து, மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போட்ட பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றது.

ஆயுளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று கோடை தாண்டிய பை கைப்பிடியைப் பிடித்தால் கையோடு வருகிறது. மெல்லிய ரகம் என்றால் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணோடு கலக்கிறது. இயற்கை விவசாயம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் துகளைக் கீரைப் பாத்தியில் பொறுக்குவது அவ்வளவு அழகாக இல்லை. இருந்தாலும் கீரைக்கு அகலமான, உயரம் குறைந்த பையை விட எனக்கு வேறொன்று தோதுப்படவில்லை. சிறுகீரை 25 நாளில் கைக்கு வந்துவிடுகிறது, அதற்குள் பை என்ன பெரிய கெடுதல் செய்துவிடப் போகிறது?

இனி பெயிண்ட் வாளி. பார்வைக்கு அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். விருந்தாளி வந்தால் மனைவி மாடிக்கதவைச் சாத்திவிடுகிறார். ஆனாலும் இந்த வெயிலில் வெண்டை ஜெயித்தது வாளியில்தான். காரணம் மூன்றும் எளிமையானவை: வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அடிக்கிறது, சுவர் கெட்டியாக இருப்பதால் ஈரம் பக்கவாட்டில் போவதில்லை, கைப்பிடி இருப்பதால் நாற்றாக இருக்கும்போது நிழலுக்கு நகர்த்த முடிகிறது. தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் வந்த வாளியாகப் பார்த்து வாங்கித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். டர்பன்டைன் வாசம் அடிப்பதைத் தொடாதீர்கள்.

துளை போடுவதில்தான் சூட்சுமம். நர்சரிக்கார அண்ணன் ஒருவர், "சார், அடியில போடாதீங்க. சைடுல, ஒரு இஞ்ச் மேல போடுங்க" என்றார். அப்படிப் போட்டால் அடியில் ஒரு அங்குலத் தண்ணீர் எப்போதும் சேமிப்பாக நிற்கும். மதியத்தில் வேர் அதைத் தேடி இறங்குகிறது. கத்திரி வெயிலுக்கு இது வரம். ஐப்பசியில் இதே ஏற்பாடு சாபம்: மழைத் தண்ணீர் வடியாமல் வேர் அழுகும். இப்போது அடியிலும் ஒரு துளை போட்டு அதற்குத் துணி அடைப்பான் வைத்திருக்கிறேன். தீபாவளி மழைக்கு முன்னால் பிடுங்கிவிட்டால் சரி. கொத்தவரை, கத்திரி, மிளகாய் எல்லாவற்றையும் இனி வாளிக்கே மாற்றுவதாக இருக்கிறேன்.

சிமென்ட் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை விடாது, புதிதாக இருக்கும்போது சுண்ணாம்புத்தன்மை இறங்கும், ஒருமுறை வைத்தால் வைத்த இடம்தான். அரளி, செம்பருத்தி போன்ற முரட்டுச் செடிகளுக்குத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் தொட்டிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தக்காளி. மூன்றிலும் வைத்தேன், மூன்றிலும் பூத்தது, மூன்றிலும் பூ உதிர்ந்தது. பகல் 35-ஐத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை. சென்னையில் மே மாத இரவுகள் 27, 28-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். விலை ஏறியது என்று ரோஷப்பட்டு இப்போது தக்காளி நட்டால், கடைக்காரர்தான் சிரிப்பார்.

எந்தத் தொட்டியானாலும் தளத்தில் நேரடியாக வைக்காதீர்கள். இரண்டு செங்கல்மேல் ஏற்றினால் கான்கிரீட் சூடு அடிவழியே ஏறாது, வீட்டுக்காரரும் "கீழே ஓதம் அடிக்குது" என்று படியேறி வர மாட்டார். தட்டு வைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் துடையுங்கள். தேங்கிய அந்தத் தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் போதும்.

நேற்று எதிர்வீட்டு மாமி, ஆடிப்பட்டத்துக்கு இப்போதே இருபது குரோ பேக் சொல்லிவிடலாமா என்று கேட்டார். கீரைக்கு மட்டும் நான்கு அகலப் பை போதும் மாமி, மிச்சப் பணத்துக்கு வாளி தேடுங்கள் என்றேன். மாமிக்கு வாளி பிடிக்கவில்லை. அப்படியானால் இன்னொரு வழி: பெரிய மண் தொட்டிக்குள் சிறிய பிளாஸ்டிக் தொட்டி, நடுவில் ஈர மணல். மணலிலிருக்கும் ஈரம் வெளித்தொட்டி வழியாக ஆவியாகும், உள்ளே செடி குளுமையாக நிற்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். கனம்தான் கனம். மாமி மாடியில் அதைத் தூக்கி வைக்க ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டியிருக்கிறது.