கணினி முடிவுகள்: தலைமை அலுவலகமா, அந்தந்த ஆலையா?

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை, ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை, வேலூரில் அலுவலகம் என்று பரவியிருக்கும் நிறுவனங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது: எந்த மென்பொருள், எந்த சர்வர் என்பதை யார் முடிவு செய்வது?

செலவு
தலைமை: உரிமங்களை மொத்தமாக வாங்கலாம், பேரம் பேச வலு உண்டு.
ஆலை: தேவையானதை மட்டும் வாங்கலாம். ஆனால் ஒரே வேலைக்கு மூன்று மென்பொருள்கள் வந்து சேரும்.

வேகம்
தலைமை: கோப்பு நகர நாளாகும்.
ஆலை: அன்றே முடியும்.

பாதுகாப்பு
இதில் தலைமையின் பக்கமே நிற்பேன். இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் இட்ட உத்தரவு. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆலைக்கொரு விதம் என்றிருந்தால், யார் தெரிவிப்பது என்று தேடுவதிலேயே அந்த 6 மணி நேரம் போய்விடும். தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் அந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன.

பொறுப்பு
நிறுவனங்களின் கணினிப் பயன்பாட்டை நிர்வகிப்பதற்காக 2008-இல் முதலில் வெளிவந்த ஐஎஸ்ஓ 38500 என்ற சர்வதேசத் தரநிலை, மதிப்பிடுவது, வழிநடத்துவது, கண்காணிப்பது மூன்றையும் நிறுவனத்தின் ஆளும் குழுவின் கடமையாகவே வைக்கிறது. கணினிப் பிரிவு மேலாளர் தலையில் கட்டிவிட முடியாது.

இரண்டு மூன்று ஆலைகளும் ஒரே ஏற்றுமதிக் கணக்கும் உள்ளவர்களுக்குத் தலைமை முறை பொருந்தும். தொடர்பில்லாத தொழில்களை நடத்துபவர்கள் மென்பொருள் தேர்வை ஆலைகளிடம் விடலாம். தரவுப் பாதுகாப்பையும் காப்புப் பிரதிகளையும் மட்டும் தலைமையே வைத்துக்கொள்ளட்டும்.