தண்ணீரை இறக்கிப் பார்க்கும் பரிசோதனை: பொயிலர் நீர்மட்டக் கருவிகளுக்கான ஒரு சேவை பற்றிய மதிப்பீடு

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல்லை அவிக்கவும் உலர்த்தவும் தேவையான நீராவியை உமி எரிக்கும் பொயிலர்கள் தருகின்றன. பொயிலருக்குள் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை அளந்து, அதை 4 முதல் 20 மில்லிஅம்பியர் வரையான மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டரையும், நீர் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் எரிப்பை நிறுத்தும் ஏற்பாட்டையும் பரிசோதிப்பதற்காக, மட்டக்களப்பு கல்லடியிலிருந்து இயங்கும் ஒரு சிறிய பணிமனையை எங்கள் ஆலை அமர்த்தியது. ஆலையின் இயந்திரப் பராமரிப்பு என் பொறுப்பில் இருப்பதால், வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை கூடவே நின்று பார்த்தேன். இதே சேவையைத் தேடும் மற்ற ஆலைக்காரர்களுக்கு உதவும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் கருவியைச் சோதிக்கும்போது தண்ணீரையே ஏற்றி இறக்கிச் சோதிக்கிறார்கள். இது சாதாரண விடயம் போலத் தோன்றலாம், ஆனால் இதற்கு முன்னர் எங்களிடம் வந்த ஒரு நிறுவனத்தார் ட்ரான்ஸ்மிட்டரின் கம்பிகளைக் கழற்றி, கையடக்கக் கருவியால் 4, 12, 20 மில்லிஅம்பியர் என்று மின்னோட்டத்தைச் செலுத்தி, திரையில் 0, 50, 100 என்று இலக்கங்கள் வந்ததும் ஒட்டுப்பட்டியை ஒட்டிவிட்டுப் போனார்கள். கம்பியும் திரையும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு மட்டுமே அது சான்று. தண்ணீர் இறங்கும்போது கருவிக்கு அது தெரியுமா என்ற கேள்வியை அந்தச் சோதனை தொடவே இல்லை.

எங்களுடையது மிதவை வகைக் கருவி. பொயிலரின் பக்கத்தில், மேலே ஒரு குழாயாலும் கீழே ஒரு குழாயாலும் இணைக்கப்பட்ட தனி அறைக்குள் மிதவை ஏறி இறங்குகிறது. இக்காலக் கருவிகளுக்குத் தம்மைத் தாமே கண்காணிக்கும் திறன் உண்டு. மின்னணுப் பகுதி பழுதானால் மின்னோட்டத்தை 3.6 மில்லிஅம்பியருக்குக் கீழே அல்லது 21க்கு மேலே கொண்டுபோய்ப் பழுதை அறிவிக்க வேண்டும் என்பது, தொழிற்சாலைத் தானியங்கிக் கருவிகளின் பயனாளர் அமைப்பான நாமூரின் பரிந்துரை. ஆனால் மிதவை அறையின் கீழ்க்குழாய் சேற்றாலும் வெண்படிவத்தாலும் அடைபட்டால், கருவியின் பார்வையில் எந்தப் பழுதும் இல்லை. மேற்குழாய் வழியாக வரும் நீராவி அறைக்குள் குளிர்ந்து நீராகி, இறங்க வழியின்றித் தேங்குகிறது. பொயிலருக்குள் நீர் குறைந்துகொண்டே போகும்போதும் மிதவை உயரத்திலேயே நிற்கிறது. வெளியே தெரியாமல் ஆபத்தின் பக்கம் சாயும் இத்தகைய பழுதுகளைக் கண்டுபிடிப்பதற்காகவே காலமுறைப் பரிசோதனை வகுக்கப்பட்டிருக்கிறது. மின்னணுப் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான சர்வதேச நியமமான ஐ.ஈ.சி. 61508இன்படி எஸ்.ஐ.எல். 2 (பாதுகாப்பு நம்பகத்தன்மையின் ஒரு படிநிலை) என்று சான்று பெற்ற கருவியை வாங்கினாலும், தயாரிப்பாளரின் பாதுகாப்புக் கையேடு சொல்லும் இடைவெளியில், சொல்லும் முறையில் பரிசோதித்தால்தான் அந்த நம்பகத்தன்மைக் கணக்கு நிற்கும். கருவி வாங்கும்போது இதை விற்பனையாளர்கள் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

வந்த இருவரில் மூத்தவர் எதையும் கழற்றுவதற்கு முன், கருவி அப்போது காட்டிய அளவையும் கண்ணாடிக் குழாயில் கண்ணுக்குத் தெரிந்த நீர்மட்டத்தையும் அருகருகே எழுதிக்கொண்டார். திருத்தியபின் எடுக்கும் அளவு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். திருத்துவதற்கு முன் எவ்வளவு தவறாக இருந்தது என்பதே அடுத்த பரிசோதனை எப்போது வேண்டும் என்று முடிவு செய்ய உதவும். பிறகு அவர் மிதவை அறையின் மேல் வால்வை மூடி, கீழ் வால்வைத் திறந்தபடி வைத்து, வடிகாலைத் திறந்தார். பொயிலர் அமுக்கத்தில் நீர் சீறிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வந்ததோ விரல் பருமன்கூட இல்லாத ஒழுக்கு. மங்கிய பழுப்பு நிறம், அதனோடு முட்டையோட்டுத் துண்டுகள் போன்ற வெண்படிவம். அந்த நேரமெல்லாம் திரையில் நீர்மட்டம் அழகாக, அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

கிணற்று நீரின் கடினத்தன்மை எங்கள் பகுதியில் எவருக்கும் புதிதல்ல. மென்மையாக்கும் கருவியின் உப்பு தீர்ந்தும் கவனிக்காமல் சில நாட்கள் ஓட்டினாலே இந்தப் படிவம் வந்துவிடும். அவர்கள் பரிசோதனையை அந்த இடத்திலேயே நிறுத்தி, பொயிலரை அணைத்து ஆறவிட்டுக் குழாயைத் திறந்து குத்தியெடுக்க வேண்டும் என்றார்கள். ஊறவைத்த நெல் தொட்டியில் கிடந்தது. கூடுதல் நேரம் ஊறினால் நாற்றம் எடுத்து அரிசியின் தரம் கெடும். முதலாளி ஒரு அவியலையாவது முடித்துவிட்டு அணைக்கலாமா என்று கேட்டார். மூத்தவர் மரியாதையாகவும் ஒரே வார்த்தையிலும் மறுத்தார். இந்தச் சேவையை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அந்த மறுப்புத்தான்.

துப்புரவு முடிந்து பொயிலர் மீண்டும் வழமையான அமுக்கத்துக்கு வந்தபின் உண்மையான சோதனை நடந்தது. குளிர்ந்த நிலையில் சோதிப்பது எளிது, ஆனால் 7 பார் அமுக்கத்தில் உள்ள நீர், குளிர்ந்த நீரைவிடச் சுமார் 10 சதவீதம் அடர்த்தி குறைந்தது. மிதவை அதற்கேற்பச் சற்றுக் கூடுதலாகத் தாழும். அடர்த்தியை அலட்சியம் செய்வதன் விலை என்ன என்பதற்கு 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்தது சான்று: எண்ணெயைப் பிரித்தெடுக்கும் வடிப்புக் கோபுரம் நிரம்பி வழியும் நிலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தவறான அடர்த்திக்கு அளவிடப்பட்டிருந்த மட்டக் கருவி, திரவம் மெல்லக் குறைகிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள்.

எரிப்பைக் குறைத்து, ஊட்டுநீர்ப் பம்பை நிறுத்தி, அடிவால்வு வழியாக நீரை மெதுவாக இறக்கினார்கள். கண்ணாடிக் குழாயின் முன் எங்கள் பொயிலர் இயக்குநர் நின்றார். “தம்பி, நீங்க கண்ணாடிய மட்டும் பாருங்க, திரையப் பாக்க வேணாம்” என்று அவரிடம் சொல்லி, குறித்த அடிக்கோட்டுக்கு நீர் இறங்கியும் எரிப்பு நிற்காவிட்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும், அடிவால்வை மூடிப் பம்பை இயக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். எச்சரிக்கை மணி சரியான இடத்தில் அடித்தது. இன்னும் கீழே இறங்கியதும் உமி ஊட்டும் திருகும் காற்றாடியும் நின்றன. விளக்கு எரிந்ததைக் கண்டு திருப்திப்படாமல், இளையவர் கீழே போய்த் திருகு சுழலவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து வந்தார். உமி அடுப்பு எண்ணெய் எரிப்பான் போல உடனே அணைவதில்லை. தட்டில் கிடக்கும் உமி தணலாகி வெப்பம் தந்துகொண்டே இருக்கும். ஆகவே எரிப்பு நிற்கும் மட்டத்தில் கண்ணாடியில் நீர் இன்னும் தெரிய வேண்டும் என்று வலியுறுத்தி, நிறுத்தப் புள்ளியைச் சிறிது உயர்த்தினார்கள்.

கடைசிக் கட்டத்தை, அதாவது எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புவதை, இவர்கள் சோதனையின் பகுதியாகவே நடத்துகிறார்கள். ஒருவர் வால்வைத் திறக்க, மற்றவர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டு உறுதிப்படுத்தினார். எரிப்பை நிறுத்தும் பாதுகாப்பைத் தற்காலிகமாக விலக்கி வைக்கும் சாவி என் கையில் ஒப்படைக்கப்பட்டது. 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் களஞ்சியத்தில் தாங்கி நிரம்பி வழிந்து பெருந்தீ மூண்டதற்கு, மட்டமானி சிக்கி நின்றதோடு, தனியான உயர்மட்ட நிறுத்தியும் வேலை செய்யாதது காரணம். அந்த நிறுத்தியின் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்க வேண்டிய பூட்டு பூட்டப்பட்டிருக்கவில்லை.

குறைகளும் உண்டு. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. இரவு முறையில் பொயிலரைப் பார்ப்பவர் வாசிக்க முடியாத அறிக்கையால் ஆலைக்குப் பாதிப் பயன்தான். கேட்டதும் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்தார்கள், ஆனால் அதில் செய்முறை இருந்ததே தவிர, எந்த அளவைத் தாண்டினால் பொயிலரை நிறுத்த வேண்டும் என்பது இல்லை. அடுத்த பரிசோதனைக்கு எல்லாப் பகுதிக்கும் ஒரு வருடம் என்று ஒரே இடைவெளியை எழுதியிருப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. அவ்வளவு படிவத்தை நேரில் கண்டவர்கள், மின்னணுப் பகுதிக்கு ஒரு வருடம் போதும், மிதவை அறையை ஒவ்வொரு வேலை முறையிலும் (ஷிப்டிலும்) கழுவி வெளியேற்ற வேண்டும் என்று பிரித்து எழுதியிருக்கலாம். அதை இப்போது நாங்களே நடைமுறையாக்கியிருக்கிறோம்.

எரிபொருள் தாங்கிகளின் மட்டக் கருவிகளை இவர்கள் தொடுவதில்லை. தீப்பற்றும் ஆவி உள்ள இடத்தில் பயன்படுத்தத்தக்க சான்று பெற்ற சோதனைக் கருவிகள் தங்களிடம் இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குக் கொழும்பிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கிறது. பொயிலர் வேலைக்கு இவர்களை அழைப்பவர்கள், பெரும்போக அறுவடை நெல் ஆலைக்கு வரத் தொடங்குவதற்கு முன்பே நாள் குறித்துக்கொள்வது நல்லது. அறுவடை தொடங்கியபின் எந்த ஆலையும் பொயிலரை ஆறவிடச் சம்மதிக்காது. அவர்களும் ஆறாத பொயிலரில் குழாயைத் திறக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.