ஹோப் பள்ளத்தாக்கு ஒருநாள் பஸ் சுற்றுலா: பணம் கட்டும் முன் படியுங்கள்

இங்கிலாந்தில், மான்செஸ்டரிலிருந்து ஹோப் பள்ளத்தாக்குக்கு மினிபஸ் சுற்றுலா. "குகைகள், கோட்டை, மூழ்கிய கிராமம், எல்லாம் ஒரே நாளில்" என்று விளம்பரம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்ததால், ஆளுக்கு 55 பவுண்டு கட்டி நான்கு பேர் போனோம். ஏமாற்றிவிட்டார்கள். இதே மாதிரி விளம்பரத்தைப் பார்த்து வேறு யாரும் பணத்தை இழக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் காசில்டன் ஊரைச் சுற்றிப் பார்வையாளர்களுக்கான குகைகள் நான்கு உள்ளன: பீக், ஸ்பீட்வெல், ப்ளூ ஜான், ட்ரீக் கிளிஃப். விளம்பரத்தில் பெரிதாக இருந்தது ஸ்பீட்வெல் படம். 18-ஆம் நூற்றாண்டில் ஈயம் தேடி வெட்டிய சுரங்கம் அது, உள்ளே தண்ணீர். பஸ் அதன் வாசலில் நின்றது. "பத்து நிமிடம், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் வழிகாட்டி. உள்ளே போவது கட்டணத்தில் சேராதாம். தனியாக டிக்கெட் எடுக்கவும் நேரம் தரவில்லை. மற்ற மூன்று குகைகள் பக்கம் பஸ் போகவே இல்லை. பீக் குகையின் பிரம்மாண்டமான வாசலுக்குள்ளேயே வீடு கட்டி, பல நூறு வருடம் கயிறு திரித்துப் பிழைத்திருக்கிறார்கள். கயிற்றுக் கடை வைத்திருந்த அப்பா அதைப் பார்க்கத்தான் வந்தார். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

கோட்டை? பெவரில் கோட்டையை ஜன்னல் வழியாகக் கை காட்டினார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் மாம் டோர் மலை. இங்கேதான் பகல் கொள்ளை. "மலை நுழைவுக் கட்டணம்" என்று ஆளுக்கு 5 பவுண்டு ரொக்கமாக வாங்கினார் வழிகாட்டி. ரசீது கேட்டேன், இல்லை என்றார். 517 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. ஏறுவதற்கு யாரும் ஒரு பென்னி தர வேண்டியதில்லை, வண்டி நிறுத்தத்தான் காசு. மலையடியில் துண்டு துண்டாக உடைந்து கிடக்கும் சாலையைக் காட்டி, உலகப் போரில் குண்டு விழுந்தது என்று வேறு கதை விட்டார். உண்மையில் அந்த மலைச்சரிவே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. திரும்பத் திரும்பச் சரி செய்தும் நிற்காததால் 1979-ல் சாலையை மூடிவிட்டார்கள். குண்டுக் கதையை விட இது எவ்வளவு சுவாரசியம்!

மூழ்கிய கிராமம் என்றது லேடிபவர் நீர்த்தேக்கத்தை. 1940-களில் டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு ஊர்கள் அதில் மூழ்கின. டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது, 1947-ல் அதையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். 2018 போல கடும் வறட்சி வந்தால் டெர்வென்ட்டின் இடிபாடுகள் வெளியே தெரியும். நாங்கள் போனபோது ஏரி நிறைந்து கிடந்தது. "ஏம்மா, கிராமம் எங்கே?" என்று அப்பா கேட்க, நான் வழிகாட்டியிடம் கேட்க, அவர் தண்ணீரைக் காட்டினார். விளம்பரத்தில் போட்டிருந்த படம் வறட்சிக் காலத்தில் எடுத்தது. அந்த ஏரியும் டெர்வென்ட் அணையும் அழகான இடங்கள்தான், கரையோரம் நடக்க விட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அதற்கும் விடாமல் ஒரு பரிசுப்பொருள் கடைக்குக் கூட்டிப்போய் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். அங்கே ப்ளூ ஜான் கல் என்று அம்மாவுக்கு ஒரு பதக்கத்தை 40 பவுண்டுக்கு விற்றார்கள். பிறகு விவரம் தெரிந்த நகைக்காரரிடம் காட்டினோம். சாதாரண ஊதா ஃப்ளோரைட் (ஒரு வகைக் கனிமக் கல்) என்றார். உண்மையான ப்ளூ ஜான் காசில்டனில், ப்ளூ ஜான், ட்ரீக் கிளிஃப் குகைகளில் மட்டும்தான், அதுவும் கொஞ்சமாக எடுக்கிறார்கள். எந்தச் சுரங்கத்துக் கல் என்று எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

நிறுவனத்துக்கு எழுதினேன். "குகைகளைப் பார்க்கலாம் என்றுதான் சொன்னோம், உள்ளே போகலாம் என்று சொல்லவில்லை" என்று பதில் வந்தது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஒரு சேவையைப் பற்றி விற்பவர் சொல்லி, அதை நம்பி நாம் பணம் கட்டினால், சொன்னது அவரைக் கட்டுப்படுத்தும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்டிருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை. ரொக்கமாகக் கொடுத்த 20 பவுண்டுக்கு எந்த வழியும் இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால், வணிக மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கும் அது போய்ச் சேரும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தயவுசெய்து பதியுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்குக்குப் போக சுற்றுலா பஸ்ஸே வேண்டாம். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே ஓடும் ரயிலில் ஏறி ஹோப் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து காசில்டன் சுமார் இரண்டு மைல், பஸ்ஸும் உண்டு. எந்தக் குகை அன்று திறந்திருக்கிறது என்று அந்தந்தக் குகையின் தளத்திலேயே பார்த்து, டிக்கெட்டையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். வயதானவர்களோடு போனால் படிக்கட்டு எத்தனை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீட்வெல்லில் நூறுக்கு மேல் படி இறங்க வேண்டும்.