பகிஷ்கரிப்பா, சம்பளச் சீட்டா? பேராதனையில் நான் நின்ற பக்கம்

ஏழை பணக்கார இடைவெளியை எதிர்த்துப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் எடுக்கும் இரண்டு வழியிலும் நான் இருந்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் விரிவுரைப் பகிஷ்கரிப்பும் கலஹா சந்தி ஊர்வலமும். அப்புறம், விடுமுறையில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர்களின் சம்பளச் சீட்டுப் பிரதிகளைச் சேர்த்து, வளாகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டிய சின்னக் குழு. தம்பி தங்கைகள் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பகிஷ்கரிப்பின் பலம் தெரிந்ததுதான். ஆள் சேரும், பத்திரிகையில் வரும். மாணவர் போராட்டத்துக்கு இங்கே கனத்த வரலாறும் உண்டு: 1976 நவம்பர் 12இல் பொலிஸ் சூட்டில் வீரசூரிய என்ற மாணவர் இதே வளாகத்தில்தான் உயிரிழந்தார். மகாபொல உதவித்தொகை போதவில்லை என்று உரக்கச் சொல்லவும் பெரிய கூட்டம்தான் வேண்டும்.

ஆனால் செலவு யார் தலையில் விழுகிறது? பகிஷ்கரிப்பால் விடுதியை மூடினால், பக்கத்திலிருக்கும் கண்டிப் பிள்ளை பின்னேரமே வீட்டில் இருக்கும். தூரத்துத் தோட்டப் பகுதியான மஸ்கெலியாப் பிள்ளை பஸ் காசுக்குக் கடன் கேட்க வேண்டும். எங்கள் பட்டம் 8 மாதம் பிந்தியது. ஓய்வெடுக்கலாம் என்றிருந்த அம்மா அந்த 8 மாதமும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனார். சமத்துவம் கேட்ட போராட்டத்தில் அதிகம் கொடுத்தது தோட்டத்து லயன் வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் குடும்பங்கள்தான். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சீட்டு சேர்க்க ஒரு ஞாயிறும் போட்டோகொப்பிக் காசும் போதும். 2021 வர்த்தமானியில் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வந்தது. ஆனால் நாங்கள் ஒட்டிய ஒரு சீட்டில் 14 முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), 9 அரைப்பேர் (அரை நாள் சம்பளம்). மொத்தம் 18,500 ரூபாய். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 1,480 போய்விட்டது. முற்பணம், தொழிற்சங்கச் சந்தா வேறு. 23 நாள் வேலைக்குப் போனவருக்கு ஏன் 23,000 இல்லை என்று ஒரு சிங்கள நண்பன் கேட்டான். பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று விளக்கினேன். அடுத்த மாதம் அவனே எங்களோடு தோட்டத்துக்கு வந்தான். எந்த ஊர்வலத்திலும் அவனோடு அவ்வளவு பேசியதில்லை.

சீட்டுகளால் சம்பளம் கூடியது என்று சொல்லமாட்டேன். எங்கள் தோட்டத்தில் இரண்டு பேருக்குத் தவறாக விழுந்த அரைப்பேர் திருத்தப்பட்டது, அவ்வளவுதான். நான் கலைப்பீடம், நேரமே கிடைக்காத மருத்துவ, பொறியியல் பிள்ளைகளுக்கு இது சரிவருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சீட்டு சேர்ப்பவர்களே, தொழிலாளியின் பெயரையும் சேமலாப இலக்கத்தையும் மறைத்துவிட்டு ஒட்டுங்கள். முதல் தடவை நாங்கள் மறைக்கவில்லை. சீட்டு தந்த ஒரு அக்கா, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கினார்.