டிரெய்லர் இழுக்க டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா?

தார் ரோட்டில் மட்டும் இழுப்பவருக்கு டூ வீல் டிரைவே போதும். அதே எஞ்சின், அதே ஆக்ஸில் விகிதம் (அச்சிலுள்ள கியர் விகிதம்) என்றால், முன் சக்கரங்களுக்கும் சக்தியைக் கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல் எடையெல்லாம் இல்லாததால் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும். சரி, படகைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்ற வேண்டுமே? பாசி பிடித்த சரிவில் பின் சக்கரங்கள் வழுக்கிச் சுற்றும்போதுதான் ஃபோர் வீல் டிரைவின் அருமை புரியும், அதிலும் லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) போட்டால் கிளட்ச் புகையாமல் ஊர்ந்தே ஏறிவிடலாம். சேறு, பனி, ஈரப் புல் எல்லாம் இதே கதைதான். இப்படிப்பட்ட இடங்களுக்கே போகாதவர் ஃபோர் வீலுக்கு ஆகும் கூடுதல் காசை டிரெய்லர் பிரேக்கில் போடலாம், ஏனென்றால் நிறுத்தும்போது ஃபோர் வீல் எந்த உதவியும் செய்யாது. அப்புறம், தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலுக்கு மாற்றும் பார்ட் டைம் வகை என்றால் காய்ந்த ரோட்டில் நாலு சக்கரத்தையும் இணைத்து ஓட்டாதீர்கள், திருப்பங்களில் டிரைவ்லைன் (சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் பாகங்கள்) முறுக்கிக்கொள்ளும்.