எடின்பரோவில் கில்ட் தைக்கக் கொடுப்போர் கவனத்திற்கு

நண்பரின் திருமணத்தில் உடுத்துவதற்காக, எடின்பரோவின் ராயல் மைல் தெருக் கடை ஒன்றில், "முழுக் கம்பளி, எட்டு கெஜம், கைத்தையல்" என்ற உறுதியின் பேரில் 180 பவுண்டு கொடுத்துத் தைக்கச் சொன்ன கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும், பின்புறம் மடிப்புகள் கொண்ட முழங்கால் அளவுப் பாவாடை), இம்மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லாமல் வந்து சேர்ந்தது.

உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டினேன். கம்பளியானால் மயிர் கருகும் வாடை அடிக்கும். விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். இதுவோ உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. அக்ரிலிக் என்ற செயற்கை இழையேதான். ஒருமுறை உட்கார்ந்து எழுந்ததுமே பின்புற மடிப்புகள் விரிந்துகொண்டன. இஸ்திரி போட்டும் படியவில்லை.

முறையான கில்டுக்கு எட்டு கெஜம், அதாவது ஏறத்தாழ 7.3 மீட்டர் துணி எதற்கு என்பது பின்பக்கத்தைப் பார்த்தால் விளங்கும். துணியின் பெரும்பகுதி அங்கேதான் மடிப்புகளுக்குள் போகிறது. கெஜத்துக்கு 13 முதல் 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி என்பதால், நடக்கையில் அசைந்த மடிப்புகள் தாமாகவே பழைய இடத்தில் விழுகின்றன. இடுப்பை நோக்கி ஒவ்வொரு மடிப்பையும் சிறிது சிறிதாகக் குறுக்கி, டார்ட்டன் எனப்படும் கில்ட் துணியின் வண்ணக் கட்டங்கள் பின்னாலும் முறியாமல் தொடரும்படி கையால் தைப்பது மணிக்கணக்கில் நீளும் வேலை. கீழ் விளிம்பு நெசவிலேயே முடிந்த கரை. அதை மடித்துத் தைக்கமாட்டார்கள். எனக்கு வந்ததில் கீழே இயந்திரத் தையல் பளிச்சென்று ஓடியது. பின்புறக் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் கோணலாக நின்றன. கில்ட் தைப்பதையே தொழிலாகக் கொண்ட அம்மையார் ஒருவர் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்து, மடிப்புகளைத் தாங்கக் கேன்வாஸ் என்ற விறைப்பான துணியே வைக்கவில்லை, திருத்த வழியில்லை என்று கையில் கொடுத்துவிட்டார். அவர் தைக்கும் கில்ட் 600 பவுண்டு. இடுப்பில் இறுக்கும் வார்களை இடம் மாற்றித் தைத்தால் இடுப்பு பெருத்த பிறகும் உடுத்தலாம், மகனுக்கும் கொடுக்கலாம் எனும்போது அந்த விலை எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

அளவெடுத்துத் தைத்ததைத் திரும்பப் பெறமாட்டோம் என்று கடைக்காரர் சாதித்தார். அந்த வாதம் மனம் மாறித் திருப்புகிறவரிடம் செல்லும். சொன்னதற்கு மாறான பொருளைக் கொடுத்துவிட்டுச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பொருளை 30 நாட்களுக்குள் மறுத்து முழுப் பணத்தையும் கேட்க, பிரிட்டனின் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி கார்டு வழங்கிய வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். என் பணம் அந்த வழியில்தான் மீண்டது. ரசீதில் "கம்பளி" என்று எழுதியிருந்ததே கைகொடுத்தது. ஆகவே துணியின் வகை, எடை, நெய்த ஆலை மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்; ஆலையின் பெயரைச் சொல்லத் தயங்குகிற கடையில் அளவே கொடுக்காதீர்கள்.