புக் பண்ணின காருக்கு மேலே கேட்கும் காசு: கட்டுவதா, கழிப்பதா, கைகழுவுவதா?

"சார், உங்க வண்டி வந்தாச்சு" என்று போன் வந்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் வந்து விழும். புக்கிங் அன்று பேசிய ஆன்ரோடு தொகையோடு (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வண்டி கைக்கு வரும் விலை) ஒப்பிட்டால் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ இடிக்கும். கேட்டால் "அதெல்லாம் கட்டாயம் சார், எல்லாருக்கும் இதே ரேட்டுதான்" என்பார் சேல்ஸ் தம்பி. மாதக்கணக்கில் காத்திருந்தவர் அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. திருவொற்றியூரிலிருந்து கொளத்தூர் வரை தெரிந்தவர்கள் வீட்டில் யார் கார் எடுத்தாலும் இந்தக் கட்டம் வந்தே தீருகிறது.

அமெரிக்காவில் இந்த விஷயம் வெளிப்படை. அங்கே கம்பெனி போடுவது பரிந்துரை விலைதான், டீலர் அதற்கு மேல் விற்றால் தடையில்லை. சிப் தட்டுப்பாடு இருந்த 2021, 2022-இல் பல டீலர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கூட்டியே விற்றார்கள். நம் ஊரில் எக்ஸ்ஷோரூம் விலையை, அதாவது ஆயுள் வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்வதற்கு முந்தைய விலையை, கம்பெனி ஊரறிய அறிவித்துவிடுகிறது. அதில் கைவைத்தால் உடனே தெரிந்துவிடும். அதனால் கூடுதல் காசு பக்கத்து வாசல் வழியாக வருகிறது: ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரிஸ் கிட், டெஃப்ளான் கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி, அப்புறம் இன்சூரன்ஸ்.

கொட்டேஷனில் எது அரசுக்குப் போகிறது, எது டீலருக்குப் போகிறது என்று முதலில் பிரித்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கான ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பதிவுக் கட்டணம் 600 ரூபாய், லோனில் எடுத்தால் அந்தக் கடனைப் பதிவுச் சான்றில் குறிக்கும் ஹைப்பாதிகேஷனுக்கு 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். இவற்றில் பேரம் கிடையாது. "ஆர்டிஓ செலவு" என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் இந்த எண்களை வைத்துக் கூட்டிப் பாருங்கள். மிச்சம் இருப்பது டீலருடையது.

இனி வழிகளைப் பார்க்கலாம். நடைமுறையில் நான்குதான் தேறும்.

கேட்டதைக் கட்டிவிட்டு எடுத்துவருவது

பெரும்பாலானோர் செய்வது இதுதான், அதை நான் கேலி செய்யமாட்டேன். வீட்டில் நாள் குறித்திருப்பார்கள், வடபழனியிலோ திருவொற்றியூர் கோயிலிலோ பூஜைக்குச் சொல்லியிருப்பார்கள், லோன் டெலிவரி ஆர்டர் வந்திருக்கும். நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

ஆனால் அந்த விலை கொட்டேஷனில் இருப்பதைவிட அதிகம். கூடுதல் தொகையை யாரும் கையிலிருந்து கொடுப்பதில்லை, லோனில் சேர்த்துவிடுகிறார்கள். 30,000 ரூபாய் 9 சதவீத வட்டியில் ஏழு வருடம் ஓடினால் சுமார் 40,500 ஆகிவிடும். ஃபுளோர் மேட்டுக்கும் மட்ஃபிளாப்புக்கும் ஏழு வருடம் இஎம்ஐ கட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. அதே மேட் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே டீலரிடம் உட்கார்ந்து வரிவரியாகக் கழிப்பது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. நம்மவர்கள் ஹேண்ட்லிங் சார்ஜில் போய் முட்டுவார்கள். பார்த்ததும் எரிச்சல் வருவது அதுதான். ஸ்ரீபெரும்புதூரில் செய்த கார் மாதவரம் வரை வருவதற்கு என்ன ஹேண்ட்லிங்? எண்ணூர் துறைமுகத்துக்கு ஏற்றுமதிக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊரில் இதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். இருந்தாலும் அது சில ஆயிரத்தில் முடிகிற சண்டை. பெரிய தொகை ஒளிந்திருக்கும் இடம் இன்சூரன்ஸ்.

2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது) கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. இந்தப் பகுதி எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். மாறுவது காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும், ஆட்-ஆன் என்னும் கூடுதல் பாதுகாப்புகளும். டீலர் தரும் பாலிசியில் அவருக்குப் பங்கு இருப்பதால் அங்கே தள்ளுபடி சுருங்கிவிடும். அதே கம்பெனியின் அதே பாலிசியை வெளியே கேட்டால் பல ஆயிரம் குறைவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது.

அதற்காக வெளியே இருப்பதிலேயே மலிவானதை எடுத்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று நினைவிருக்கும். நின்ற தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் சாதாரண பம்பர்-டு-பம்பர் பாலிசி (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப்) பொதுவாகக் கைகொடுக்காது. என்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் தனியாக வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி, கொளத்தூர் என்று எங்கே குடியிருந்தாலும் இதை விடக் கூடாது. ஆகவே ஒப்பிடும்போது மூன்றை ஒன்றாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்: வண்டிக்குப் போட்டிருக்கும் ஐடிவி மதிப்பு (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை), ஜீரோ டெப், என்ஜின் புரொடெக்ட். ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைவாகக் காட்டுவது பழைய வித்தை.

டீலர் அடுத்து எடுக்கும் ஆயுதம்: "வெளியே எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்." ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவதுதான் கேஷ்லெஸ். டீலர் சொல்வது பொத்தாம்பொதுவாகச் சரியில்லை. அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க் பட்டியலில் நீங்கள் சர்வீஸ் விடப்போகும் இடம் இருந்தால் கேஷ்லெஸ் கிடைக்கும். பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கும், பார்த்துவிட்டு எடுங்கள். இன்னொன்று, 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் இந்தப் பாலிசியில் மறுபடி எடுக்கத் தேவையில்லை. அதையும் சொல்லிக் கழிக்கலாம்.

மற்றவற்றில் வேகமாகப் போய்விடலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பெரும்பாலான கம்பெனிகளில் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், டெலிவரி அன்றே எடுக்க அவசியமில்லை. கோட்டிங் வேண்டாம். கிட் வேண்டாம். ஏற்கெனவே வண்டியில் மாட்டிவிட்டோம் என்றால் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் கழற்றமாட்டார்கள், விலையைப் பாதியாக்குவார்கள்.

இன்சூரன்ஸிலும் கிட்டிலும் வேண்டிய அளவு குறைந்த பிறகு, ஹேண்ட்லிங் என்று நாலைந்தாயிரம் மட்டும் நின்றால் நான் விட்டுவிடுவேன். கொள்கைக்காரர்களுக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்த சர்வீஸ் சென்டர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

இந்தப் பேரத்தில் நம் பலம் எந்த வேரியண்ட் என்பதைப் பொறுத்தது. சேசிஸ் நம்பர் உங்கள் பேரில் அலாட் ஆகி, மாதக் கடைசியாகவும் இருந்து, அதிகம் பேர் கேட்காத நிறமாகவும் இருந்தால் டீலர் இறங்கி வருவார். யார்டில் நிற்கும் வண்டிக்கு அவரும் வட்டி கட்டுகிறார். எல்லாரும் அடித்துக்கொள்ளும் டாப் மாடல் என்றால் "வேணாம்னா சொல்லுங்க சார், அடுத்தவருக்குக் கொடுத்துடறேன்" என்பதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள முடியாது, உண்மையாகவே கொடுத்துவிடுவார்.

ரத்து செய்துவிட்டு வேறு டீலர்

கோபத்தில் முதலில் தோன்றுவது இதுதான். எக்ஸ்ஷோரூம் விலை மாறாது என்பதால் கொளத்தூரில் கிடைக்காத நியாயம் அம்பத்தூரிலோ திருவள்ளூரிலோ கிடைக்கலாம். எங்கே வாங்கினாலும் தண்டையார்பேட்டைக்காரர் தன் ஆர்டிஓவான TN-03-இலும் செங்குன்றத்துக்காரர் TN-18-இலும் பதிந்துகொள்ளலாம். கையில் ஸ்டாக் இருக்கும் மாடல் என்றால் தயங்காமல் போங்கள். நாலு டீலரிடம் ஒரே நாளில் எழுத்தில் கொட்டேஷன் வாங்கிப் பார்த்தாலே யார் எங்கே ஏற்றுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

காத்திருப்புப் பட்டியல் உள்ள வண்டியில் கணக்கே வேறு. புக்கிங் படிவத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில், டெலிவரி நாளன்று உள்ள விலையே பொருந்தும் என்று இருக்கும். விலையைப் பூட்டித் தருவது அபூர்வம். 2022 ஜூலை 30 அன்று மஹிந்திராவின் ஸ்கார்பியோ-என் புக்கிங் திறந்து அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தபோதுகூட அறிமுக விலை முதல் 25,000 பேருக்கு மட்டும்தான். ரத்து செய்து புது வரிசையில் நிற்பது என்றால் அடுத்த விலையேற்றத்துக்குத் தலையைக் கொடுப்பது என்று பொருள். ஜனவரியிலும் ஏப்ரலிலும் விலை ஏற்றுவது கம்பெனிகளுக்கு வழக்கமாகிவிட்டது.

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு தனிக் குழி இருக்கிறது. உங்கள் கார் இப்போது 9,60,000 என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் வரி 13 சதவீதம், 1,24,800. காத்திருக்கும்போது விலை 45,000 ஏறி 10,05,000 ஆகிறது. வரி 18 சதவீதத்துக்குத் தாவும், அதுவும் கூடுதல் தொகைக்கு மட்டுமில்லாமல் மொத்த விலைக்கும்: 1,80,900. வரி மட்டும் 56,100 அதிகம். டிசிஎஸ் 10,050 வேறு. டீலர் கேட்ட முப்பதாயிரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று கிளம்பியவர் கையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் போகும். பத்து லட்சக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேரியண்டில் வரிசையை விட்டு வெளியே வருவதற்கு முன் இதைக் கூட்டிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதன் மேல் போட்ட கூடுதல் வரியான செஸ்ஸும் போனது. அதற்கு முந்தைய வாரம் டீலரோடு சண்டை போட்டு ரத்து செய்தவர்களுக்கு அடித்தது யோகம். அந்த மாதிரி யோகத்தை நம்பி ரத்து செய்ய முடியாது, அவ்வளவுதான்.

கட்டி எடுத்துவிட்டு, பிறகு புகார்

வண்டியும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் மனமில்லை என்பவர்களுக்கு. முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். இங்கே புகார் போனாலே சில டீலர்கள் அழைத்துப் பேசுவார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்வதால் ஷோரூம் கிண்டியில் இருந்தாலும் பரவாயில்லை, வடசென்னைக்காரர்களுக்கு பார்க் டவுனிலேயே ஆணையம் இருக்கிறது. கட்டணம் நாம் கொடுத்த விலையை வைத்து: 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், "அவர் விருப்பப்பட்டுத்தான் கிட் வாங்கினார், கையெழுத்து இருக்கிறது" என்று டீலர் தரப்பு சொல்லும். அதனால் பணம் கட்டும் முன்பே டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும்: இன்ன இன்ன தொகையை நான் கேட்கவில்லை, இது இல்லாமல் டெலிவரி தரமாட்டோம் என்று சொல்வதால் எதிர்ப்போடு கட்டுகிறேன் என்று. போனில் கத்துவதால் எந்தப் பயனும் கிடையாது. ஒவ்வொரு தொகைக்கும் தனித் தனி ரசீது கேளுங்கள், ஹேண்ட்லிங்குக்கு ரசீது கேட்டாலே சில இடங்களில் அந்த வரி காணாமல் போகும். ஆனால் ஐந்தாயிரத்துக்காக ஆணையத்துக்கு அலைவதற்கு நேரமும் பொறுமையும் உள்ளவர்களே போக வேண்டும். முப்பதாயிரம் என்றால் நான் போவேன்.

புதுச்சேரி நம்பர் வாங்கினால் வரி மிச்சம் என்று யாராவது ஒரு மாமா கட்டாயம் சொல்வார். அங்கே உண்மையான முகவரி இல்லாமல் அதைச் செய்தால் வம்பு, இங்கேயே ஓட்டினால் இங்கே வரியும் கட்ட வேண்டிவரும். இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமே இல்லை.

ஆக, கையில் ஸ்டாக் உள்ள வண்டி என்றால் வேறு டீலர். வரிசையில் நின்று கிடைத்த வண்டி என்றால் அதே டீலரிடம், கையில் வெளி இன்சூரன்ஸ் கொட்டேஷனோடு. முழுப் பணம் கட்டுவதற்கு முன்னால் போங்கள். கட்டிய பிறகு போனால் காபி மட்டும்தான் கொடுப்பார்கள்.